கடற்பசுவுக்கு ரெண்டு சட்டம், ஒண்ணுக்குத்தான் விளம்பரம்

தஞ்சாவூர் கடற்கரையில மல்லிப்பட்டினம், மனோரா பக்கம் போனவங்க கரையில பழுப்பா, நாடா மாதிரி குவியலா ஒதுங்கிக் கெடக்கறத பாத்திருப்பீங்க. குப்பைன்னு தாண்டிப் போயிருவோம். எங்க பக்கம் தாழைம்பாங்க, புஸ்தகத்துல கடல் புல்லு. கடல்ல வாழற பெரிய பாலூட்டி கடற்பசு, அதுக்கு சோறே இதுதான். ஒரு பெரிய கடற்பசு நாளுக்கு முப்பது நாப்பது கிலோ மேயும். அதுக்கு உறவுமுறைன்னு பாத்தா திமிங்கலம் இல்ல, யானை. மூச்சுக்கு மேல வந்தே ஆகணும், வலையில மாட்டி மேல வர முடியலன்னா தண்ணிக்குள்ளயே மூச்சுமுட்டி செத்துரும். குட்டியும் ஒரு தடவைக்கு ஒண்ணுதான், சுமக்கறதே ஒரு வருஷத்துக்கு மேல, அடுத்த குட்டிக்கு இன்னும் பல வருஷம் ஆகும். அதனால வருஷத்துக்கு நாலு செத்தாக்கூட அந்தக் கூட்டத்துக்குப் பெரிய அடிதான்.

2022 செப்டம்பர்ல தமிழ்நாடு அரசு பாக் விரிகுடாவுல தஞ்சாவூர், புதுக்கோட்டை கரையை ஒட்டி 448 சதுர கிலோமீட்டரை கடற்பசு பாதுகாப்பகமா அறிவிச்சுது, நாட்டுலயே மொத தடவை. அப்ப அரசு சொன்ன கணக்குப்படி இந்தியாவுல மொத்தமே சுமார் 240 கடற்பசுதான், அதுல பெரும்பாலானது நம்ம கடல்லதான். எல்லாரும் ஷேர் பண்ணோம், நானும்தான் பண்ணேன், சந்தோஷமான சேதிதானே.

இதுல எனக்குப் பிடிச்சது என்னன்னா அவங்க எந்த வழியில போனாங்கங்கறது. 1972 வனஉயிரினச் சட்டம் மத்திய சட்டம், ஆனா எந்த எடத்த என்னவா அறிவிக்கறதுங்கறது பெரும்பாலும் மாநில அரசு கையில. தேசியப் பூங்கான்னு அறிவிச்சா உள்ள யாரும் போகக்கூடாது கதைதான். மன்னார் வளைகுடாவுல 1986-ல அப்படித்தான் ஆச்சு, 21 தீவு, கடல்பாசி எடுத்துப் பொழைச்ச பொம்பளைங்களுக்கு தலைமுறையா போய்வந்த எடத்துக்கே திருட்டுத்தனமா போற நெலம. இங்க அப்படிப் பண்ணல. 36ஏ பிரிவுல பாதுகாப்பகம், அதாவது கரையில இருக்கற சனங்ககிட்ட கலந்து பேசித்தான் அறிவிக்கணும். புதுசா தடை எதுவும் வராதுன்னு அரசே சொல்லிருச்சு. ரொம்ப சரி. கடல்ல வேலி போடவா முடியும்?

ஆனா புதுசா தடையே இல்லைன்னா கடற்பசுவ எது காப்பாத்துது? இங்கதான் யாரும் பேசாத இன்னொரு சட்டம் வருது, 1983-ல வந்த தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குபடுத்தும் சட்டம். கரையிலேர்ந்து 12 கடல் மைல் வரைக்கும் மீன்பிடி மாநிலத்தோட அதிகாரம். இந்தச் சட்டப்படி விசைப்படகு கரையிலேர்ந்து 5 கடல் மைலுக்குள்ள தொழில் பண்ணக்கூடாது, ரெண்டு படகு சேந்து ஒரே வலைய இழுக்கற ரெட்டை மடி அறவே கூடாது. இதுபோக பாக் விரிகுடாவுல எழுபதுகள்லேர்ந்தே ஒரு ஏற்பாடு இருக்கு, வாரத்துல மூணு நாள் விசைப்படகுக்கு (எங்க பக்கம் திங்கள், புதன், சனி), மிச்ச நாலு நாள் நாட்டுப்படகுக்கு. சண்டை போட்டு சண்டை போட்டு வந்த ஏற்பாடு அது, கடற்பசுவ நெனச்சு யாரும் போடல.

இப்ப தாழை எங்க வளருது? வெயில் அடிவரைக்கும் எறங்கற ஆழம் கம்மியான எடத்துல. அதாவது பெரும்பாலும் அந்த 5 கடல் மைலுக்குள்ளதான். விசைப்படகு இழுக்கற வலை, அதாவது இழுவை மடி, அதோட அடிக்கயிறு கடல் தரையச் சொரண்டிக்கிட்டே போகும், தாழை வேரோட வரும், சேறு கலங்கி மிச்சம் இருக்கறதுக்கும் வெளிச்சம் போயிரும். மடிய மேல ஏத்திக் கொட்டினா ஒரு கை நல்ல எறா, அதுக்கு மேல கூடை கூடையா சங்காயம், அதாவது வெலை போகாத பொடிமீன் கழிவு, நடுவுல பச்சையா தாழை. அது ஒவ்வொரு கொத்தும் கடற்பசுவோட சாப்பாடு. ஏப்ரல் 15-லேர்ந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் தடைக்காலத்துல விசைப்படகெல்லாம் கரையேறி நிக்கறப்ப மட்டுந்தான் அந்தத் தரைக்கு கொஞ்சம் ஓய்வு.

அதனால என் கணக்குல கடற்பசுவ காப்பாத்தற நெசமான சட்டம் இந்த மீன்பிடி சட்டம்தான், அது வனத்துறைகிட்ட இல்ல, மீன்வளத்துறைகிட்ட இருக்கு. போஸ்டர்ல வனத்துறை, கடல்ல மீன்வளத்துறை. ராத்திரில கரைக்குப் பக்கத்துல இழுக்கறவன மடக்கறதுக்கு படகும் ஆளும் டீசலும் வேணும், அதுக்கு மேல ஓட்டரசியலையும் தாண்டணும். விசைப்படகுக்காரங்க எல்லாம் வில்லனும் இல்ல, கடன் வாங்கி படகு விட்டிருக்காங்க, ஆழத்துக்குப் போனா எல்லைப் பிரச்சினை, கரைக்கு வந்தா இந்தச் சட்டம்.

நாட்டுப்படகுக்காரங்க பக்கமும் எல்லாம் சுத்தம்னு சொல்லமாட்டேன். திருக்கை வலை மாதிரி பெரிய கண்ணு வலையில கடற்பசு மாட்டுது, அந்தக் காலத்துல கறிக்காகவே பிடிச்சதும் உண்டு. இப்ப நெலம மாறியிருக்கு, மாட்டினத உசுரோட வெளிய விட்ட மீனவங்கள வனத்துறை கூப்பிட்டு பாராட்டி ரொக்கமும் குடுத்திருக்கு. வலை பின்னிக்கிட்டு இருந்த ஒரு அண்ணன்கிட்ட இதக் கேட்டேன். "விடறதுல ஒண்ணும் இல்ல தம்பி, விடலாம். ஆனா அது முறுக்குன முறுக்குல வலை போயிருமே, அறுத்துத்தான விடணும், புது வலைக்கு யாரு குடுப்பா?"ன்னாரு, சொல்லும்போதே கையில ஊசி ஓடிக்கிட்டுத்தான் இருக்கு.

நியாயமான கேள்விதான். பாராட்டு விழா, சால்வை எல்லாம் வேண்டாங்கல, ஆனா வலையோட வெலைய அந்த வாரத்துக்குள்ள கையில குடுக்கற மாதிரி ஒரு ஏற்பாடு இருந்தா, யாரும் பாக்காத நடுக்கடல்லயும் அறுத்து விடுவாங்க. மனோராவுல கடற்பசுவுக்குன்னு பெரிய மையம் கட்டப்போறதா அறிவிச்சிருக்காங்க, கட்டட்டும், நானும் போய்ப் பாப்பேன். அதுக்கு முன்னாடி அந்த 5 கடல் மைல ஒழுங்கா காவக் காத்தாலே பாதி வேலை முடிஞ்சிரும்னு தோணுது.