மீந்து கிடந்த மாத்திரைகள்

பெரியம்மாவின் மார்பகப் புற்றுநோய் ஒன்பது ஆண்டுகளுக்குப் பிறகு திரும்பி வந்து எலும்பில் பரவியிருப்பது தெரிந்த வாரம், சிங்கப்பூரின் ஈசூன் வட்டாரத்திலுள்ள வீட்டில் கூடிய உறவினர்கள் நோயைவிட மருந்தைப் பற்றியே அதிகம் விசாரித்தார்கள். "கீமோ இல்லையா? வெறும் மாத்திரைதானா?" என்று சின்ன மாமா கேட்டபோது, மருத்துவர்கள் கைவிட்டுவிட்டார்களோ என்ற அச்சம் அவர் குரலில் தெரிந்தது.

அந்த மாத்திரைகளுக்கு உள்ள ஹார்மோன் சிகிச்சை என்ற பெயரே பாதிக் குழப்பத்துக்குக் காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. நீரிழிவுக்கு இன்சுலின் போடுவதைப் போல இதிலும் ஏதோ ஒரு ஹார்மோனை உடலுக்குள் செலுத்துகிறார்கள் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். நடப்பது அதற்கு நேர்மாறானது. மார்பகப் புற்றுநோய்களில் ஏறத்தாழ 70 விழுக்காடு, ஈஸ்ட்ரோஜன் என்னும் பெண் ஹார்மோனைப் பற்றிக்கொண்டு வளர்பவை. மாதவிடாய் நின்ற பிறகும் கொழுப்புத் திசு போன்ற இடங்களில் அரோமடேஸ் என்னும் நொதி ஈஸ்ட்ரோஜனை உண்டாக்கிக்கொண்டே இருப்பதால், அந்த நொதியை முடக்கும் லெட்ரோசோல் 2.5 மில்லிகிராம் மாத்திரையைப் பெரியம்மா தினமும் உட்கொள்ள வேண்டும் என்றும், அதனுடன் பால்போசிக்ளிப் என்னும் இன்னொரு மருந்தை 21 நாள் எடுத்து 7 நாள் நிறுத்த வேண்டும் என்றும் மருத்துவர் சொன்னார். கல்லீரலோ நுரையீரலோ செயலிழக்கும் அவசர நிலை இல்லாதவரை, இவ்வகை நோய்க்கு முதலில் கொடுக்க வேண்டிய சிகிச்சையே இதுதான். மாமா நினைத்ததுபோல் இது புதிய சமாளிப்பும் அன்று. 1896இல் கிளாஸ்கோ நகரின் ஜார்ஜ் பீட்சன் என்ற அறுவை மருத்துவர், ஈஸ்ட்ரோஜனைச் சுரக்கும் சினைப்பைகளை அகற்றியதால் முற்றிய மார்பகப் புற்று சுருங்கியதைப் பதிவு செய்தார். ஹார்மோன் என்ற சொல்லே 1905இல்தான் பிறந்தது.

இணையத்தில் தேடிய என் தம்பி, பாலோமா-2 ஆய்வில் லெட்ரோசோலை மட்டும் எடுத்தவர்களுக்கு 14.5 மாதங்கள், பால்போசிக்ளிப்பையும் சேர்த்து எடுத்தவர்களுக்கு 24.8 மாதங்கள் என்று படித்துவிட்டு, அதை ஆயுள் கணக்காக எடுத்துக்கொண்டு இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. அது நோய் மேலும் வளராமல் கட்டுக்குள் இருந்த காலம். அதுவும் நடு அளவு, பாதிப் பேருக்கு அதைவிட நீண்டது, பாதிப் பேருக்குக் குறைந்தது. தவிர, ஆய்வுகளில் சேர்க்கப்படுவோர் பெரும்பாலும் மற்ற உறுப்புகள் நன்கு இயங்குபவர்கள். பெரியம்மாவுக்கோ நீரிழிவும் மாற்றுமூட்டு வைத்த முழங்காலும் உண்டு. ஆய்வில் மீதி மாத்திரைகளை எண்ணிப் பார்க்க ஆட்கள் இருப்பார்கள். வீட்டில் எண்ணுவார் யாருமில்லை.

நான் எண்ணியதும் தற்செயலாகத்தான். தீபாவளிக்கு முன்பு அவருடைய அலமாரியை ஒழுங்குபடுத்தியபோது, இரண்டு மாதத்துக்குக் கொடுத்த 60 லெட்ரோசோல் மாத்திரைகளில், 60 நாள் கடந்த பிறகும் 17 மீந்து கிடந்தன. கேட்டதற்கு முதலில் கோபித்துக்கொண்டார். பிறகு, காலையில் எழுந்தால் விரல்கள் மடங்குவதில்லை என்றும், முறுக்கு உரலைப் பிடித்துத் திருக முடியவில்லை என்றும், மாத்திரையை விட்ட நாள்களில் கொஞ்சம் தேவலையாக இருப்பதுபோல் தோன்றியதால் இடையிடையே விட்டுவிட்டதாகவும் மெதுவாகச் சொன்னார். இத்தனைக்கும் ஒவ்வொரு முறையும் மருத்துவரிடம் "நல்லாத்தான் இருக்கேன் டாக்டர்" என்று சொன்னவர் அவரே. அந்த வலியை அவர் நோய் பரவியதன் அடையாளமாக எண்ணிப் பயந்து மறைத்திருக்கிறார். உண்மையில் மூட்டு விறைப்பு இவ்வகை மாத்திரைகளின் மிகப் பரவலான பக்கவிளைவு. பெண்ணுறுப்பு வறட்சியைப் பற்றி ஆண் மருத்துவரிடம் சொல்லக் கூசியதையும் அன்றுதான் என்னிடம் சொன்னார். மொழிபெயர்க்க உடன் சென்ற நானும் அவர் சொன்னதை மட்டுமே ஆங்கிலத்தில் சொன்னேனே தவிர, சொல்லாமல் விட்டதைக் கேட்கவில்லை.

மருத்துவர் கடிந்துகொள்ளவில்லை. சில வாரங்கள் லெட்ரோசோலை நிறுத்திவைத்து, உணவுக்குப் பின் எடுக்கும், அதே வகையைச் சேர்ந்த எக்ஸிமெஸ்டேன் 25 மில்லிகிராமுக்கு மாற்றினார். தினமும் நடக்கச் சொன்னார். வெள்ளையணுக்கள் குறைந்ததால் பால்போசிக்ளிப்பின் அளவையும் 125இலிருந்து 100 மில்லிகிராமாகக் குறைத்தார். அளவைக் குறைத்தால் சிகிச்சை தோற்றுவிட்டது என்று வீட்டில் மறுபடியும் பேச்சு எழுந்தது. அந்த மருந்தைப் பொறுத்தவரை அது வழக்கமாகச் செய்யப்படும் ஒன்று என்பதை மூன்று பேருக்குத் தனித்தனியாக விளக்கினேன். சீனப் புத்தாண்டுக்கு அண்டை வீட்டார் கொடுத்த பம்பளிமாஸ் பழமோ சிக்கலாயிற்று. அதன் இனத்தைச் சேர்ந்த கிரேப்ஃபுரூட் பால்போசிக்ளிப்பின் அளவை இரத்தத்தில் கூட்டிவிடும் என்று மருந்தாளர் எச்சரித்திருந்ததால், பழம் முழுவதையும் தம்பியே தின்று தீர்த்தான்.

செலவைப் பற்றி ஒன்று மட்டும் சொல்கிறேன். 2022 செப்டம்பரிலிருந்து சிங்கப்பூரின் அடிப்படை மருத்துவக் காப்புறுதியான மெடிஷீல்டு லைஃப், வெளிநோயாளிப் புற்றுநோய் மருந்துகளில் சுகாதார அமைச்சின் பட்டியலில் உள்ளவற்றுக்கே, அதுவும் பட்டியலில் குறித்த பயன்பாட்டுக்கே பணம் தருகிறது. எனவே மருந்தை மாற்றும்போதெல்லாம் அதையும் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

இப்போது பெரியம்மா காலண்டரில் மாத்திரை எடுத்த நாளைச் சுழித்து, பக்கத்திலேயே விரல் விறைப்பு எத்தனை மணிவரை இருந்தது என்றும் எழுதுகிறார். இது எப்போது முடியும் என்று மாமா கேட்டார். பலன் தரும்வரை தொடரும் சிகிச்சை இது, முடிவு நாள் கிடையாது என்றேன். பலன் நின்றால் அடுத்து ஃபுல்வெஸ்ட்ரன்ட் என்ற ஊசி, இரண்டு பிட்டங்களிலும் மாதம் ஒரு முறை போடுவது, இருக்கிறது. அதை அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்று பெரியம்மா சொல்லிவிட்டதால் அந்தப் பேச்சு அங்கேயே நிற்கிறது.