பன்னிரண்டு வோல்ட் செட்டும் கொஞ்சம் பயமும்

டிவி ரிப்பேரில் இருந்து கார் செட், அதாவது காரில் இருக்கும் ரேடியோ, சிடி பிளேயர் ரிப்பேர் வேலைக்கு வருகிறவர்கள் முதலில் ரொம்ப நிம்மதியாக இருப்பார்கள். பழைய பிக்சர் டியூபுக்குப் பின்னால் கை விடும்போது இன்னொரு கையைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு நின்ற ஆட்கள் அவர்கள். இங்கே எதைத் தொட்டாலும் ஷாக் அடிக்காது. "பன்னிரண்டு வோல்ட்தானே அண்ணே, இதுக்கு என்ன பயம்?" என்று கேட்டுக்கொண்டே பேட்டரியைக் கழற்றாமல் டேஷ்போர்டுக்குள் ஸ்க்ரூ டிரைவரை விடுவார்கள்.

ஷாக் அடிக்காது என்பது உண்மைதான். ஆனால் நல்ல நிலையில் உள்ள கார் பேட்டரி ஷார்ட் ஆனால் நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாயும். விரல் மோதிரமோ ஸ்டீல் வாட்ச் செயினோ பாசிட்டிவ்வுக்கும் நெகட்டிவ்வோடு இணைந்திருக்கும் வண்டியின் இரும்பு பாடிக்கும் நடுவே மாட்டினால், கையை இழுப்பதற்குள் அது நெருப்பாகப் பழுத்துவிடும். அதனால் மோதிரம், வாட்ச் எல்லாம் முதலில் மேஜை டிராயருக்குள் போகும். பேட்டரியில் நெகட்டிவ்வைத்தான் முதலில் கழற்றுவேன், கடைசியில்தான் மாட்டுவேன். பாசிட்டிவ்வை முதலில் கழற்றினால் ஸ்பானரின் மறுமுனை பாடியில் பட வாய்ப்பு உண்டு. நெகட்டிவ் போய்விட்ட பிறகு ஸ்பானர் பாடியில் பட்டாலும் ஒன்றும் ஆகாது.

இன்ஜின் ஓடும்போது பேட்டரி டெர்மினலைக் கழற்றி "ஆல்டர்னேட்டர் வேலை செய்யுதா" என்று பார்க்கிற பழக்கம் இன்னும் சிலரிடம் இருக்கிறது. பேட்டரி இல்லாத அந்தக் கணத்தில், அதைச் சார்ஜ் செய்வதற்கென்றே இருக்கும் ஆல்டர்னேட்டரின் வோல்ட்டேஜ் கட்டுக்கு மீறி எகிறும். பாதுகாப்பு இல்லாத அமைப்பில் ஒரு நொடிக்கும் குறைவான நேரத்துக்கு 100 வோல்ட்டை நெருங்கவும் கூடும். இப்படி அடிபட்டு வந்த செட்டுகளை நிறையப் பிரித்திருக்கிறேன். கொண்டு வருகிறவர் "நேத்து வரைக்கும் நல்லா பாடிட்டு இருந்துச்சு சார்" என்பார். பேட்டரியை யாராவது கழற்றினார்களா என்று விசாரித்தால்தான் சங்கதி வெளியே வரும்.

கழற்றும் முன் கேட்டு வைக்க வேண்டியது செட்டின் செக்யூரிட்டி கோடு, அதாவது அதைத் திறக்கும் ரகசிய எண். வண்டியோடு வரும் கம்பெனி செட்டுகள் பல கரண்ட் போய்த் திரும்பியதும் கோடு கேட்கும். அது இல்லாமல் செட் நன்றாக இருந்தும் பாடாது, பழி நம் தலையில் விழும்.

அடுத்தது ஏர்பேக். செட்டை எடுக்க சென்டர் பேனலைக் கழற்றும்போது மஞ்சள் உறை போட்ட வயரும் மஞ்சள் சாக்கெட்டும் கண்ணில் பட்டால், பெரும்பாலான வண்டிகளில் அது ஏர்பேக்குக்குப் போவது. பேட்டரியைக் கழற்றிய பிறகும் அதன் யூனிட்டுக்குள் இருக்கும் கண்டென்சரில் சிறிது நேரம் சார்ஜ் நிற்கும். எத்தனை நிமிடம் காத்திருக்க வேண்டும் என்பது அந்தந்த வண்டியின் சர்வீஸ் கையேட்டில் இருக்கும், அதைத்தான் நம்புவேன். அந்த வயரில் மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் மல்டிமீட்டரை வைக்க மாட்டேன். ஓம்ஸில் வைத்த மீட்டர் அனுப்பும் சின்னக் கரண்ட்டே ஏர்பேக்கை வெடிக்க வைக்கலாம். "கன்டினியூட்டி மட்டும் பார்க்கிறேன், வயர் அறுந்திருக்கான்னு" என்று யாராவது சொன்னால் மீட்டரைக் கையிலிருந்து வாங்கி வைத்துவிடுவேன். இந்த இடத்தில் மட்டும் பேச்சு கிடையாது.

இதெல்லாம் உயிருக்கும் பொருளுக்கும் பாதுகாப்பு. ஆனால் நிதானமாகச் செய்யும் இந்தக் காரியங்களே பாதி பழுதையும் காட்டிக் கொடுத்துவிடுகின்றன. அதற்கு நல்ல சாட்சி என் பெஞ்சில் தொங்கும் ஒரு பல்பு.

வந்த செட் எதையும் நேராகப் பேட்டரியில் கொடுப்பதில்லை. 12 வோல்ட் 21 வாட் இண்டிகேட்டர் பல்பு ஒன்றை பாசிட்டிவ் லைனில் சீரியலாகப் போட்டு, அதன் வழியாகத்தான் செட்டின் மஞ்சள் வயருக்கும் (நிரந்தர சப்ளை) சிவப்பு வயருக்கும் (சாவி வழியே வருவது) கரண்ட் போகும். கறுப்பு எர்த்துக்கு, அதாவது நெகட்டிவ்வுக்கு. செட் நன்றாக இருந்தால், கொடுத்த நொடியில் பல்பின் இழை சிவப்பாக மினுக்கும். உள்ளே பெரிய கண்டென்சர் சார்ஜ் ஆகிறது என்று அர்த்தம். பிறகு அணைந்துவிடும். செட்டை ஆன் செய்ததும் மறுபடி மெல்லிய ஒளி. டிஸ்க்கை உள்ளே இழுக்கும்போது மோட்டார் ஓடும் நேரத்துக்கு மட்டும் கொஞ்சம் கூடி, மறுபடி இறங்கும். மாறாக, கொடுத்தவுடன் பல்பு முழு வெளிச்சத்தில் எரிந்தால் உள்ளே நேர் ஷார்ட். அப்போதும் சுமார் 1.75 ஆம்பியருக்கு மேல் பாயாது. போர்டு கருகாது, புகை வராது, யோசிக்க நேரம் கிடைக்கும்.

புதிதாக வேலைக்கு வந்த பையன் அந்தப் பல்பையே பார்த்துக்கொண்டு நிற்பான். "மீட்டர் வெச்சா சரியான நம்பர் தெரியுமே அண்ணே?" தெரியும். ஆனால் கை வேலையில் இருக்கும்போது கண் ஓரத்தில் எரியும் பல்பு, ஸ்க்ரூ டிரைவர் எங்காவது தட்டிய அதே நொடியில் சொல்லிவிடும். மீட்டரைப் பார்க்கத் தலையைத் திருப்ப வேண்டும்.

முழு வெளிச்சம் வந்தால் முதலில் பார்ப்பது சப்ளை லைனில் பாசிட்டிவ்வுக்கும் எர்த்துக்கும் குறுக்கே இருக்கும் டையோடை, அதாவது கரண்ட்டை ஒரு திசையில் மட்டும் விடும் பாகத்தை. வயரை மாற்றிக் கொடுத்தால் அது கரண்ட்டைத் தன் வழியே விட்டு ஃபியூஸைப் போக்கும். பல சமயம் தானும் ஷார்ட் ஆகிவிடும். அதை மாற்றினால் செட் உயிர் பெறும், வேலையும் சீக்கிரம் முடியும். ஆனால் நடுவில் யாராவது போன ஃபியூஸுக்குப் பதில் அலுமினியத் தாளைச் சுற்றியிருந்தாலோ, சிவப்பு 10 ஆம்பியர் இருக்க வேண்டிய இடத்தில் மஞ்சள் 20 ஆம்பியரைச் செருகியிருந்தாலோ கதையே வேறு. டையோடோடு சேர்ந்து போர்டின் செம்புப் பட்டையும் உரிந்து வந்திருக்கும். இரண்டாவது முறையும் ஃபியூஸ் போனால் காரணத்தைத் தேட வேண்டுமே தவிர, பெரிய ஃபியூஸைத் தேடக் கூடாது. வயரின் தடிமனைப் பார்த்துத்தான் ஃபியூஸ் அளவை வைத்திருக்கிறார்கள். அதை ஏமாற்றினால் அடுத்து எரிவது வயர், அதற்கடுத்து கார்ப்பெட்.

ஸ்பீக்கர் லைனும் இப்படித்தான். இப்போதைய செட்டுகளில் ஸ்பீக்கரின் இரண்டு வயருமே ஆம்ப்ளிஃபயரிலிருந்து வருபவை. மைனஸ் என்று எழுதியிருந்தாலும் அது எர்த் அல்ல. பழைய வண்டிகளில் ஸ்பீக்கரின் ஒரு முனை பாடியில் இருந்த வழக்கத்தில் அதை எர்த் செய்துவிட்டால் ஆம்ப்ளிஃபயர் சிப்பான பவர் ஐசிக்கு ஆபத்து. செட் ஆனில் இருக்கும்போது ஒவ்வொரு ஸ்பீக்கர் வயருக்கும் எர்த்துக்கும் நடுவே அளந்தால் சப்ளையில் பாதி, சுமார் 6 வோல்ட் நிற்க வேண்டும். எட்டு வயரிலும் அப்படி இருந்தால் ஐசியைச் சந்தேகப்பட வேண்டாம். ஒன்றில் மட்டும் 0 அல்லது 12 வந்தால் அந்தச் சானலில்தான் கோளாறு. அதைக் கவனிக்காமல் ஸ்பீக்கரை மாட்டினால் கோன் ஒரு பக்கமாகத் துருத்திக்கொண்டு நிற்கும், காயில் சூடேறிக் கருகும். அதனால் ஸ்பீக்கரை மாட்டும் முன்பே இந்த அளவை எடுப்பேன். ஐசி மாற்றினால் சூட்டை வெளியேற்றும் தகடான ஹீட் சிங்க்கைத் திருகி, பேஸ்ட் தடவிய பிறகுதான் கரண்ட். "சும்மா ஒரு நொடி பாடுதான்னு பார்ப்போம்" என்று ஹீட் சிங்க் இல்லாமல் பார்ப்பது புது ஐசியைக் குப்பையில் போடும் வழி.

உண்மையில் ரேடியோ பழுது என்று வருவதில் பெரும் பகுதி செட்டுக்குள்ளேயே இருக்காது. ஸ்டேஷன் சரியாக எடுக்கவில்லை என்றால் ஆன்டெனா பிளக் தளர்ந்திருக்கும். அல்லது பூஸ்டர் உள்ள ஆன்டெனாவுக்கு நீல வயரில் போக வேண்டிய 12 வோல்ட்டை யாரோ கொடுக்காமல் விட்டிருப்பார்கள். ஒவ்வொரு முறை சாவியை எடுத்ததும் நேரமும் ஸ்டேஷனும் அழிந்தால் மஞ்சளும் சிவப்பும் இடம் மாறியிருக்கிறது என்று அர்த்தம். செட்டுக்குப் பின்னால் இருக்கும் பொது அளவு சாக்கெட்டான ஐஎஸ்ஓ சாக்கெட்டில் 4-ஆவது பின் நிரந்தர சப்ளை, 7-ஆவது சாவி வழியே வருவது. சில வண்டிகளில் இது தலைகீழ். ஆக்ஸிலரேட்டரை மிதிக்க மிதிக்க ஸ்பீக்கரில் விசில் கூடினால் எர்த் சரியாகப் பிடித்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

சிடி பக்கம் வந்தால்தான் எனக்கு உண்மையிலேயே பயம் உண்டு. அங்கே இருக்கிற ஆபத்து கண்ணுக்கே தெரியாது.

சிடியைப் படிக்கும் லேசரின் அலைநீளம் சுமார் 780 நானோமீட்டர். அது அகச்சிவப்பு. லென்ஸில் லேசாகச் சிவப்புப் புள்ளி தெரிவதைப் பார்த்து, "இவ்வளவுதான் வெளிச்சமா" என்று நினைத்துவிடக் கூடாது. நம் கண்ணுக்கு எட்டுவது அதன் சின்னஞ்சிறு பங்குதான். மீதி எல்லாம் தெரியாமலே விழித்திரையில் குவியும். வெளிச்சம் கண்ணைக் கூசினால் இமை தானாக மூடும். இது கூசுவதில்லை, அதனால் இமையும் மூடுவதில்லை. மூடி போட்ட பிளேயர் ஆபத்தில்லாதது, பிரித்த பிளேயர் அப்படியல்ல. மூடியின் மேல் ஒட்டியிருக்கும் மஞ்சள் எச்சரிக்கைச் சீட்டை யாரும் படிப்பதில்லை.

லென்ஸ் வேலை செய்கிறதா என்று மேலே குனிந்து பார்ப்பதை எங்கள் பெஞ்சில் அனுமதிப்பதில்லை. டிஸ்க்கை ஏற்றித்தான் சோதனை, அந்த டிஸ்க்கே கற்றைக்கு மூடி. பக்கவாட்டில் ஓரடி தள்ளி இருந்தபடி காதைக் கொடுத்தால் போதும். கரண்ட் வந்ததும் லேசரும் லென்ஸும் உள்ள பிக்கப் உள் விளிம்புக்கு ஓடும். பிறகு லென்ஸ் மேலும் கீழும் ஏறி இறங்கி ஃபோகஸ் தேடும், சன்னமாக டிக் டிக் என்று கேட்கும். ஃபோகஸ் கிடைத்தால்தான் பெரும்பாலான பிளேயர்களில் டிஸ்க் முழு வேகத்தில் சுற்றத் தொடங்கும். அதனால்தான் "டிஸ்க் சுத்தவே மாட்டேங்குது, மோட்டார் போயிடுச்சு" என்று வருகிற செட்டில் பல தடவை மோட்டார் நன்றாகவே இருக்கும். டிக் சத்தம் வந்து, டிஸ்க் அசையாமல், கடைசியில் எரர் காட்டினால் முதல் சந்தேகம் லென்ஸின் மேல் படிந்த புகையும் தூசியும். டிக் சத்தமே இல்லையென்றால் ரிப்பன் கேபிளைப் பார்க்க வேண்டும். பிக்கப்போடு சேர்ந்து மடங்கி மடங்கி விரிசல் விட்டிருக்கும்.

லென்ஸைத் துடைக்க ஐசோபுரோபைல் ஆல்கஹால் லேசாகத் தொட்ட பஞ்சுக் குச்சி போதும், அதுவும் கரண்ட் எடுத்த பிறகு. லென்ஸ் மெல்லிய கம்பிகளில் தொங்குகிறது, அழுத்தினால் கம்பி வளையும். அசிட்டோன் பட்டால் பிளாஸ்டிக் லென்ஸ் மங்கிப் போகும். அப்புறம் பிக்கப்பின் பக்கத்தில் இருக்கும் அந்தக் குட்டி பிரீசெட், திருகி அளவை மாற்றும் ரெசிஸ்டர். அதைத் திருகி லேசர் பவரை ஏற்றினால் சில நாள் பாடும், அதற்குப் பிறகு டையோடு முழுதாகப் போய்விடும். இதை ரிப்பேர் என்று சொல்ல எனக்கு வாய் வராது.

புது பிக்கப் மாற்றுவது தனி நாசூக்கு. லேசர் டையோடை நம் உடம்பில் இருக்கும் ஸ்டாட்டிக்கே கொன்றுவிடும், அதுவும் நமக்குச் சுரணையே இல்லாமல். அதற்காகத்தான் பல பிக்கப்புகளில் டையோடின் முனைகளைச் சேர்த்து ஒரு துளி ஈயம் வைத்து அனுப்புகிறார்கள். மணிக்கட்டில் எர்த் பட்டை கட்டி, ரிப்பனை மாட்டிய பிறகுதான் அந்தத் துளியை எடுக்க வேண்டும். எடுக்க மறந்தால் லேசர் எரியாது, முன்பே எடுத்தால் டையோடு போகலாம். அந்தப் பட்டையில் 1 மெகா ஓம் ரெசிஸ்டர் இருக்கும். அதைத் தவிர்த்துவிட்டு வெறும் வயரைக் கையில் கட்டிக்கொள்வது ஆபத்து. சால்டரிங் அயர்னோ சப்ளையோ லீக் ஆனால் கரண்ட் நம் வழியாகத்தான் போகும்.

மாட்டிக்கொண்ட டிஸ்க்கை எடுப்பதற்குக் கரண்ட் கொடுத்துக்கொண்டே இடுக்கியை விடுகிறவர்கள் இருக்கிறார்கள். பல் சக்கரம் திடீரென்று சுற்றினால் இடுக்கியும் லென்ஸும் சந்திக்கும். சப்ளையை எடுத்துவிட்டு, லோடிங் மோட்டாரின் பல் சக்கரத்தைக் கையால் சுற்றினாலே டிஸ்க் வெளியே வரும். வராவிட்டால் உள்ளே இரண்டாவது டிஸ்க் இருக்கும், அல்லது ஒட்டிய காகித லேபிள் வெயிலில் உரிந்து ரோலரில் சுற்றியிருக்கும். குழந்தைகள் பயணம் செய்த வண்டி என்றால் நாணயமும் எதிர்பார்க்கலாம். வெளியே வந்த டிஸ்க்கில் கீழ்ப்பக்கக் கீறலை எல்லோரும் பார்ப்பார்கள், நான் மேல்பக்கத்தை வெளிச்சத்துக்கு எதிரே பிடிப்பேன். 1.2 மில்லிமீட்டர் டிஸ்க்கில் பாட்டு இருப்பது லேபிளுக்கு நேர் கீழே. அங்கே வெள்ளி நிறப் பூச்சு உரிந்து வெளிச்சம் ஊடுருவினால் பழுது செட்டில் இல்லை.

திரும்ப மாட்டும்போது வயர்க் கற்றை செட்டுக்கும் பின் தகட்டுக்கும் நடுவே நசுங்கக் கூடாது. செட் நுழையும் தகட்டுக் கூடான ஸ்லீவின் விளிம்பு கத்தி மாதிரி இருக்கும், வயரையும் அறுக்கும், விரலையும் அறுக்கும். செட்டை முழுதாகத் தள்ளும் முன்பே ரேடியோ, டிஸ்க், நான்கு ஸ்பீக்கர் எல்லாம் பார்த்துவிடுவேன். சாவியை எடுத்த பிறகு செட் உறங்குகிறதா என்று மில்லி ஆம்பியரில் அளந்து, அதிகம் இழுத்தால் அதை மறுபடி வெளியே எடுப்பேன். கடைசியாக ஏர்பேக் விளக்கு. சாவி போட்டதும் எரிந்து, சில நொடியில் அணைய வேண்டும். அணையாவிட்டால் செட் எவ்வளவு இனிமையாகப் பாடினாலும் வண்டிச் சாவி என் மேஜையில்தான் இருக்கும். "பாட்டு வந்துருச்சே, கொடுங்க தம்பி" என்று பெரியவர்கள் அவசரப்படுவார்கள். ஏர்பேக் வேலை தெரிந்த ஆளிடம் காட்டிய பிறகே கொடுப்பேன்.