லடாக் பாறை குளிர்ந்த காலத்தை அளந்த அனுபவம்

ஆய்வுக்கு எனக்கு வாய்த்தவை லடாக்கின் த்சோ மோராரிப் பாறைகள். இந்தியத் தட்டின் விளிம்பு ஆசியாவுக்கு அடியில் அமிழ்ந்தபோது 90 கிலோமீட்டருக்கும் கீழே போய் மீண்டவை. அங்கே கிடைத்த, மிக உயர்ந்த அழுத்தத்தில் உருவாகும் கோயசைட் என்னும் கனிமம் அதற்குச் சாட்சி. கிணறு தோண்டினாலும் வண்டலும் மணலுமே வரும் மன்னார்குடிப் பக்கத்தில் வளர்ந்த எனக்கு, அவை எப்போது குளிர்ந்தன என்ற கேள்வி தூக்கத்திலும் கூட வந்தது.

தகடு தகடாகப் பிரியும் மைக்காக் கனிமத்தின் வெளிர்நிற வகையான வெண்மைக்காவில் (மஸ்கோவைட்) உள்ள பொட்டாசியம்-40, 125 கோடி ஆண்டு அரை ஆயுளோடு சிதைகிறது; அதில் ஒரு பங்கு ஆர்கான்-40 ஆகிறது. பாறை சூடாக இருக்கும்வரை அந்த வாயு தங்காது. ஏறத்தாழ 400 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கிய பிறகே சேரும். ஆகவே கிடைப்பது பாறை பிறந்த வயதல்ல, அந்தச் சூட்டைத் தாண்டிய காலம். கருமைக்காவுக்கு (பயோடைட்) அது சுமார் 300 டிகிரி.

இடித்துச் சலித்த தூளைச் சித்திரை விடுமுறையில் ஊருக்கே கொண்டுவந்தேன். காகிதத்தில் தூவிச் சாய்த்தால் குவார்ட்ஸ் உருண்டு ஓடிவிடும். மைக்காத் தகடுகள் நிற்கும். நெல் புடைத்துப் பழகிய அத்தை சற்று நேரம் பார்த்துவிட்டு, "ஆட்டாதே தம்பி, ஓரத்தை மட்டும் தட்டு" என்றார். அதன்பின் வேலை பாதியாகக் குறைந்தது. எஞ்சியதை நுண்ணோக்கியில், மின்விசிறியை நிறுத்திவிட்டு, ஈரத் தூரிகையால் ஒவ்வொன்றாகப் பொறுக்கினேன்.

பிறகு அலுமினியத் தாளில் பொதிந்து, வயது தெரிந்த கனிமத்தோடு அணு உலைக்கு அனுப்பினோம். அங்கே நியூட்ரான்கள் பொட்டாசியம்-39ஐ ஆர்கான்-39 ஆக்கும்; பொட்டாசியத்தின் அளவுக்கு அதுவே அடையாளம், அதோடு ஆர்கான்-40ஐ ஒப்பிட்டால் வயது வரும். கதிர்வீச்சு தணியும்வரை மாதக்கணக்கில் காத்திருப்பு.

படிப்படியாகச் சூடேற்றியபோது ஒரு மாதிரி அழகான சமதள வரைபடம் தந்தது, அதாவது அடுத்தடுத்த படிகளில் வெளிவந்த வாயு ஒரே வயதைக் காட்டியது. எல்லாரும் மகிழ்ந்தார்கள், எனக்கு மனம் ஒப்பவில்லை. சிர்கான் என்னும் கனிமத்தில் யுரேனியம் ஈயமாகச் சிதைவதை வைத்துக் கணித்த வயதுகள், பாறை ஆழத்தில் இருந்த காலத்தைச் சுமார் 5 கோடி ஆண்டுக்கு முன் வைக்கின்றன. என் மைக்கா அதைவிட மூத்த எண்ணைச் சொன்னது. ஆழத்தில் வெந்துகொண்டிருந்த பாறை அதற்கு முன்பே குளிர்ந்திருக்க முடியாது. உயர் அழுத்தத்தில் வெளியேற வழியில்லாமல் கனிமத்துக்குள்ளேயே தங்கிய மிகை ஆர்கான்தான் காரணம். ஆல்ப்ஸின் டோரா மைராப் பாறைகளும் இப்படித்தான் ஆய்வாளர்களை அலைக்கழித்தன. சமதளம் வந்துவிட்டாலே வயது சரி என்பதை அமிழ்வு மண்டலப் பாறைகளில் நான் ஏற்கமாட்டேன்.

எனவே மேலேறும்போது புதிதாக வளர்ந்த, சிலிக்கா குறைந்த மைக்காவைத் தனியே பிரித்து அளந்தோம். அது ஏறத்தாழ 3 கோடி ஆண்டு என்றது. அதே பாறையின் கருமைக்காவும் ஒத்துப்போனது. பாறை 110 டிகிரி அளவுக்குக் குளிர்ந்த காலத்தைச் சொல்லும் அபடைட் என்னும் கனிமத்தின் மணிகளை இப்போது பொறுக்கிக்கொண்டிருக்கிறேன்.