42 அங்குலம்

செப்டம்பர் 1, 2024, ஞாயிறு

மாடி அறையை இன்று காலி செய்தோம். ஓடாத தையல் மிஷின், இரண்டு மூட்டை பழைய பாடப்புத்தகம், கால் உடைந்த கட்டில். எல்லாம் போனபின் பன்னிரண்டுக்குப் பத்தடி வெற்றிடம். என் வீட்டு மது பார் இங்கேதான் வரப்போகிறது.

அம்மாவிடம் மெல்லச் சொன்னேன். "ஏன் கண்ணு, பூஜை ரூமுக்கு நேர் மேலயா?" என்றார். அளந்து பார்த்தால், பார் கவுண்டருக்கு நான் நினைத்திருந்த மேற்கு மூலை சரியாகப் பூஜை அறைக்கு மேல்தான் வருகிறது. கவுண்டரை வடக்குச் சுவருக்கு மாற்றுவதாக ஒப்பந்தம். ஒருவகையில் நல்லதே: மேற்கு ஜன்னல் வெயில் பாட்டில் மேல் விழுந்தால் சரக்கின் நிறமும் ருசியும் போய்விடும். இன்னொரு நிபந்தனையும் போட்டார். மேலே குடித்த கண்ணாடி டம்ளர் ஒன்றுகூடக் கீழே அவருடைய சமையலறைத் தொட்டிக்கு வரக்கூடாது.

ஆக, மேலேயே ஒரு தொட்டி வேண்டும்.

செப்டம்பர் 8, ஞாயிறு

முப்பது பாட்டில் நிற்கும்படி அலமாரி வரைந்து வைத்திருந்தேன். வக்கீல் நண்பன் பார்த்துச் சிரித்தான். வீட்டில் வைத்துக்கொள்ளவும் சட்டத்தில் அளவு உண்டு. பாண்டிச்சேரியில் மலிவு என்று காரில் அள்ளிக்கொண்டு வந்தால் வழியிலேயே வழக்கு. சிங்கப்பூரிலிருந்து வரும் மச்சான் கொண்டுவரலாம், அதுவும் ஆளுக்கு 2 லிட்டர்தான். மிச்சத்துக்கு டாஸ்மாக். கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று பெயர் சொன்னால் இருப்பதைத் தருவார்கள். எலைட் கடைக்குப் போனால் எடுத்துப் பார்த்தாவது வாங்கலாம்.

ஆறு பாட்டில் போதும் என்று முடிவு செய்தேன். பிராந்தி, ரம், விஸ்கி, ஜின், வோட்கா, வெர்மூத். ஜின் மனைவியின் தேர்வு. பிராந்தி இல்லாமல் கோயம்புத்தூரில் பார் வைத்தால் யாரும் மதிக்க மாட்டார்கள். இதில் வெர்மூத் மட்டும் ஒயின் ஜாதி. திறந்தபின் ஃபிரிட்ஜில் வைத்து ஒன்றிரண்டு மாதத்தில் தீர்த்துவிட வேண்டும். மற்றவை வெளியே நிற்கலாம். படுக்க வைக்கக்கூடாது, சாராயம் தக்கையைத் தின்றுவிடும். படுக்க வேண்டியது ஒயின்தான்.

செப்டம்பர் 15, ஞாயிறு

ஆசாரி வந்தார். பார் கவுண்டர் 42 அங்குலம், ஸ்டூல் 30, முட்டி இடிக்காமல் இருக்க மேல்பலகை 10 அங்குலம் வெளியே நீள வேண்டும், ஒரு ஆளுக்கு 2 அடி அகலம். இவ்வளவும் நான் படித்துவைத்த கணக்கு. அவரும் "அதே அளவுதானுங்க" என்றதில் எனக்குப் பரம திருப்தி. தொட்டி வரும் இடத்துக்கு மட்டும் தண்ணீர் தாங்கும் 710 முத்திரை உள்ள 19 எம்.எம். பிளைவுட், மற்றதற்குச் சாதாரணம் போதும் என்றேன். "ஒரே ஷீட்டுல முடியற வேலை, அதுல என்னத்த மிச்சம் புடிக்கறீங்க?" என்றார். சரி என்று விட்டுவிட்டேன்.

மேலே போட எனக்கு வெள்ளை மார்பிள் ஆசை. கல் கடைக்காரரே வேண்டாம் என்றார். எலுமிச்சைச் சாறு ஒரு சொட்டு விழுந்தாலும் மார்பிள் அரித்து மங்கிவிடும். கறுப்பு கிரானைட்டில் வெட்டி மிஞ்சிய துண்டு ஒன்று ஐந்தடியில் கிடைத்தது.

அக்டோபர் 2, புதன்

காந்தி ஜெயந்தி, டாஸ்மாக் கடை கிடையாது. நாள் முழுக்க ஐஸ் ஆராய்ச்சி.

பாரில் பாட்டிலை விட ஐஸ்தான் முக்கியம் என்பது இந்த ஒரு மாதத்தில் எனக்குப் பட்டது. எங்கள் ஃப்ரீசர் ஐஸ் வெள்ளையாக இருக்கும், லேசாக மீன் வாசம் வேறு. தண்ணீரை இரண்டு முறை கொதிக்க வைத்து ஊற்றிப் பார்த்தேன். பெரிய வித்தியாசமில்லை. விஷயம் வேறு. தட்டில் உள்ள தண்ணீர் எல்லாப் பக்கமும் இருந்து உறைவதால் காற்று நடுவில் மாட்டிக்கொள்கிறது. மேலிருந்து கீழாக மட்டும் உறையவிட்டால் காற்று அடியில் ஒதுங்கிவிடும். அதனால் சின்ன தெர்மோகோல் பெட்டியில் சிறுவாணித் தண்ணீர் ஊற்றி, மூடாமல் ஃப்ரீசரில் வைத்தேன். முழுதும் உறையுமுன் எடுத்துவிட வேண்டும்.

அக்டோபர் 3, வியாழன்

காலையில் ஐஸை எடுத்தபோது மேலே நான்கு விரற்கடை கண்ணாடி மாதிரி. செய்தித்தாளை அடியில் வைத்தால் எழுத்து படிக்க முடிந்தது. மகனைக் கூப்பிட்டுக் காட்டினேன். "ஐஸ்தானேப்பா" என்று போய்விட்டான்.

அக்டோபர் 13, ஞாயிறு

ஆயுத பூஜை முடிந்து ஆசாரி கவுண்டர் பெட்டியைக் கொண்டுவந்து நிறுத்தினார். கிரானைட் இன்னும் ஏற்றவில்லை. அப்பா கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மாடியேறி வந்து பார்த்தார். வயது 76, வலது முட்டி மடங்காது. ஸ்டூலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இதென்னடா, ஏணி வெச்சு ஏறோணுமா?"

அப்பா ஆறு வருடம் முன்பு இதய டாக்டர் சொன்னதும் குடியை நிறுத்திவிட்டார். அதற்கு முன்பெல்லாம் மோட்டார் ரூம். ஸ்டார்ட்டர் பெட்டிக்குப் பின்னால் ஒரு குவாட்டர், ஒரு எவர்சில்வர் டம்ளர். நின்றபடியே இரண்டு மடக்கு, அப்புறம் வாயில் கிராம்பு. வீட்டில் எல்லோருக்கும் தெரியும், யாரும் பேசியதில்லை. இந்தப் பார் ஆசைக்கும் அந்த மோட்டார் ரூமுக்கும் சம்பந்தம் உண்டு என்று இன்றுதான் உறைத்தது. குடிக்காத மனுஷர் வந்து உட்காரப்போகிறாரா என்ன? ஆனாலும் சாயங்காலமே ஆசாரிக்குப் போன் செய்து கவுண்டர் உயரத்தில் 6 அங்குலம் வெட்டச் சொன்னேன்.

"பார் மாதிரி இருக்காதுங்க, சமையல்கட்டு மேடை மாதிரி இருக்கும்."

இருக்கட்டும் என்றேன். வெட்டுக்கூலியோடு 30 அங்குல ஸ்டூல்களும் தண்டம். முதுகுச் சாய்வுள்ள 24 அங்குலம் இரண்டு வாங்க வேண்டும்.

அக்டோபர் 20, ஞாயிறு

பிளம்பர் வேலை. வடக்குச் சுவருக்கு அந்தப் பக்கம் பாத்ரூம் என்பதால் கழிவுக் குழாய் சுலபம். தொட்டிக்குக் கீழே தண்ணீர் தேங்கும் வளைவு வைக்காமல் நேரே இறக்கப் பார்த்தார். விட்டிருந்தால் விருந்தாளிக்குச் சாக்கடை வாடைதான் வரவேற்பு.

நவம்பர் 3, ஞாயிறு

தீபாவளி முடிந்த முதல் ஞாயிறு. மச்சானும் இரண்டு நண்பர்களும் வந்தார்கள். நான் கற்றுவைத்தது ஒன்றே ஒன்று: ரம் 45 மி.லி., நன்னாரி சிரப் 15, எலுமிச்சைச் சாறு 15, மேலே சோடா. கடை நன்னாரி சிரப் ஏகத் தித்திப்பு, 15-ஐத் தாண்டினால் பாயசம். மச்சான் இரண்டாவது கேட்டார், மூன்றாவதுக்கு நான் மறுத்துவிட்டேன். அவர் டிரைவரோடு வந்திருந்தார் என்றாலும்.

எட்டு மணிக்கு அப்பா வந்து ஸ்டூலில் சுலபமாக உட்கார்ந்தார். ரம் இல்லாமல் அதே நன்னாரி கொடுத்தேன். ஐஸை விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தார். "சிறுவாணியா, போர் தண்ணியா?" சிறுவாணி என்றேன். தலையாட்டினார்.

எல்லோரும் போனபின்தான் தெரிந்தது, தொட்டி சின்னது. 12 அங்குலத்தில் இரண்டு கண்ணாடி டம்ளருக்கு மேல் நிற்கவில்லை. 16 வாங்கியிருக்க வேண்டும். கீழே கொண்டுபோகவும் வழியில்லை, அம்மாவின் சட்டம். ஒவ்வொன்றாகக் கழுவிக் கொடுத்தேன், அப்பா உட்கார்ந்தபடியே துண்டால் துடைத்துக் கவிழ்த்து வைத்தார். பதினொன்றாவது கண்ணாடியைத் துடைக்கும்போது சொன்னார்:

"மோட்டார் ரூம்ல ஒரே டம்ளர்தான். கழுவறது சுலபம்."