இதய சிகிச்சையோடு சேர்த்தே பாலியேட்டிவ் கேர்: அப்பாவுக்கு நடந்தது

அப்பாவுக்கு இதயச் செயலிழப்பு, அதாவது இதயம் ரத்தத்தைச் சரியாக வெளித்தள்ள முடியாத நிலை; புற்றுநோய் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பாலியேட்டிவ் கேர் (நோயால் வரும் வலி, மூச்சுத்திணறல், மனக்கவலை போன்ற தொல்லைகளைக் குறைக்கும் சிகிச்சை) என்றதும் சொந்தக்காரர்கள் எல்லோரும் கேட்டது "கேன்சரா?" என்றுதான்.

மூச்சுத்திணறல், அட்மிஷன், ஊசி போட்டு உடம்பில் சேர்ந்த நீரை இறக்குவது, டிஸ்சார்ஜ், கொஞ்ச நாளில் திரும்பவும் அதே கதை. முதலில் பார்த்த மருத்துவமனையில் இப்படி ஒரு பிரிவு இருக்கிறது என்று ஒருவர்கூட வாய் திறக்கவில்லை, அந்த ஆதங்கம் எனக்கு இன்னும் இருக்கிறது. இப்போது பார்க்கும் இதய மருத்துவர்தான் கடிதம் கொடுத்து அனுப்பினார். "அப்போ கைவிட்டுட்டாங்களா?" என்று அம்மா அழுதார். பாலியேட்டிவ் டாக்டர் அதற்கு நேராகவே பதில் சொன்னார்: "இதய மருந்து ஒண்ணைக்கூட நிறுத்தலைம்மா, அவங்களோட நாங்களும் சேர்ந்துக்கிறோம்."

முதல் சந்திப்பில் நர்ஸ் மூச்சுத்திணறல், அசதி, தூக்கம், பசி, மனக்கவலை ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 10 வரை மார்க் போடச் சொன்னார். மூச்சுத்திணறலுக்கு அப்பா 6 போட்டார், கவலைக்கு 9. என்ன கவலை என்று கேட்டதும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "ராத்திரி எனக்கு மூச்சு நின்னுட்டா இவ தனியா என்ன பண்ணுவா" என்றார். எத்தனையோ ஸ்கேன் எடுத்தும் வெளியே வராத விஷயம் அது. உடல், மனம், குடும்பம், நம்பிக்கை எல்லாம் சேர்ந்ததுதான் ஒருவரின் வலி என்று லண்டனில் 1967ல் செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் ஹாஸ்பிஸை (கடைசிக் கட்ட நோயாளிகளைப் பராமரிக்கும் இல்லத்தை) தொடங்கிய டாக்டர் சிசிலி சாண்டர்ஸ் சொன்னதை அப்புறம் படித்தபோது அப்பா போட்ட அந்த 9தான் நினைவுக்கு வந்தது.

அந்தக் கவலைக்கு அவர்கள் தந்தது மாத்திரை இல்லை, ஒரு தாள். எடை திடீரென்று ஏறினால் நீர் மாத்திரையை எவ்வளவு கூட்டுவது, இரவில் யாருக்கு போன் செய்வது, எப்போது நேரே ஆஸ்பத்திரிக்குப் போவது என்று அப்பாவின் நிலைமைக்கு ஏற்ப எழுதிக் கொடுத்தார்கள். மூச்சு வாங்கும்போது மேசைமேல் தலையணை வைத்து முன்பக்கம் சாய்ந்துகொண்டு, சின்னக் கைவிசிறியின் காற்று மூக்கிலும் கன்னத்திலும் படும்படி பிடிக்கச் சொன்னார்கள். பார்க்க ஒன்றுமில்லாதது போல இருக்கும், ஆனால் அப்பா இப்போது அந்த விசிறி இல்லாமல் எங்கேயும் கிளம்புவதில்லை. மூச்சுத்திணறலுக்கு மிகக் குறைந்த அளவில் மார்ஃபின் சிரப்பும் உண்டு. அது மலத்தை இறுக்கும் என்பதால் அன்றைக்கே மலமிளக்கியும் சேர்த்துக் கொடுத்தார்கள். ஆரம்பத்தில் கொஞ்சம் தூக்கக் கலக்கம் இருந்தது, பிறகு சரியாகிவிட்டது.

சொந்தக்காரர்களின் பயம் எங்கிருந்தோ வந்ததில்லை. உலக சுகாதார நிறுவனமே 1990ல், குணமாக்கும் சிகிச்சைக்கு நோய் கட்டுப்படாதவர்களுக்கானது இது என்றுதான் வரையறுத்தது. 2002ல் அதை மாற்றி, உயிருக்கு ஆபத்தான எந்த நோய்க்கும், சீக்கிரமே தொடங்கி, குடும்பத்தையும் சேர்த்துப் பார்ப்பது என்று விரித்தது. நுரையீரல் புற்றுநோயாளிகளிடம் நடந்து 2010ல் வெளிவந்த ஆய்வில், நோய் தெரிந்ததுமே இதையும் சேர்த்துப் பெற்றவர்கள் இன்னும் நிம்மதியாக இருந்தார்கள், கூடுதல் காலமும் வாழ்ந்தார்கள். அப்பாவின் நோய் வேறு என்பதால் ஆயுள் கூடும் என்று நான் சொல்ல வரவில்லை, ஆனால் இதில் சேர்ந்தால் ஆயுள் குறைந்துவிடும் என்று பயந்துகொண்டு காத்திருக்காதீர்கள்.

உங்கள் வீட்டில் நாள்பட்ட இதய, நுரையீரல், சிறுநீரக நோய் இருந்தால் டாக்டரிடம் நீங்களே கேளுங்கள்: "இப்போது நடக்கும் சிகிச்சையோடு பாலியேட்டிவ் குழுவையும் பார்க்கலாமா?" கவனித்துக்கொள்பவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். எங்கள் நர்ஸ் அம்மாவின் தூக்கத்தைப் பற்றியும் ஒவ்வொரு முறையும் விசாரிக்கிறார்.

வென்டிலேட்டர் வேண்டாம், நீரை இறக்க அட்மிட் ஆவது சரி என்று அப்பா தன் வாயாலேயே சொல்லி எழுதி வைத்தாயிற்று. அவர் மார்பில் ஐசிடி கருவி இருக்கிறது, இதயத்துடிப்பு ஆபத்தாகத் தாறுமாறானால் ஷாக் கொடுத்துச் சரிசெய்வது அது, பேஸ்மேக்கர் வேலையும் அதுவே செய்கிறது. கடைசி நேரத்தில் அது ஷாக் கொடுக்காதபடி நிறுத்தி வைக்க முடியுமாம், ஷாக்கை நிறுத்தினாலும் அதன் பேஸ்மேக்கர் வேலை நிற்காதாம். அதை எப்போது செய்வது என்று அடுத்த சந்திப்பில் பேசப்போகிறோம், கேள்விகளை அப்பாவே எழுதிக்கொண்டிருக்கிறார்.