செட்டிநாட்டில் வீடு வாங்க வருகிறவர்களுக்கு, விற்கிற பக்கத்திலிருந்து

காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான், பள்ளத்தூர்ப் பக்கம் பழைய வீடு வாங்கலாமா என்று கேட்டு வருகிறவர்கள் அதிகமாகிவிட்டார்கள். சிலருக்குத் தங்கும் விடுதி நடத்த ஆசை, சிலருக்கு ஓய்வுக்குப் பிறகு வந்து இருக்க ஆசை. எல்லாரும் முகப்பில் நின்று பர்மா தேக்குத் தூணைத் தடவிப் பார்த்துவிட்டு, "என்ன விலை சொல்றீங்க?" என்கிறார்கள். நானும் அப்படி ஒரு வீட்டில் வாழ்க்கைப்பட்டவள்தான். என்னைக் கேட்டால், விலைக்கு முன்னால் "எத்தனை புள்ளி?" என்று கேளுங்கள்.

எங்கள் நகரத்தாரில் கல்யாணமான ஒவ்வோர் ஆணும் ஒரு புள்ளி. வளவை, அதாவது நடு முற்றத்தை, சுற்றியுள்ள அறைகளைப் புள்ளிக்கு ஒன்று என்று பிரித்திருப்பார்கள். முகப்பு, வளவு, அடுப்படி, கிணறு எல்லாம் பொது. என் மாமனாரின் ஐயா (தாத்தா) கட்டிய வீட்டில் இன்று பதினான்கு புள்ளி. கோலாலம்பூர், சிங்கப்பூர், அமெரிக்கா, சென்னை என்று போய்விட்டார்கள். ஊரில் விளக்கேற்றுவது நாங்கள் மட்டும்.

இந்தப் பதினான்கு பேரும் கையெழுத்துப் போட்டால் வேலை முடிந்தது என்றுதான் தரகர் சொல்வார். முடியாது. புள்ளிக் கணக்கில் பெண்கள் வரமாட்டார்கள், சட்டத்தின் கணக்கில் வருவார்கள். தமிழ்நாட்டில் 1989-லேயே மகளுக்கும் பிறப்பால் பங்கு என்று சட்டம் திருத்தினார்கள். அதில் ஏற்கெனவே கல்யாணமானவர்கள் விடுபட்டுப் போனார்கள். 2005-ல் வந்த மத்திய அரசின் திருத்தம் அவர்களையும் சேர்த்தது. அப்பச்சி (அப்பா) அந்தத் திருத்தத்துக்கு முன்பே காலமாகியிருந்தாலும் மகளுக்கு உரிமை உண்டு என்று 2020-ல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. "சீர் செனத்தி செஞ்சு கட்டிக் கொடுத்தாச்சு, அவுக எதுவும் கேக்க மாட்டாக" என்பார்கள். கேட்காமல் இருக்கட்டும், நல்லதுதான். ஆனால் ஒவ்வொரு மகளும் ஒன்று கிரயத்தில் கையெழுத்துப் போடவேண்டும், அல்லது தன் பங்கை விட்டுக்கொடுத்துப் பதிவு செய்த விடுதலைப் பத்திரம் கொடுத்திருக்க வேண்டும்.

பிள்ளை கூட்டிய (தத்தெடுத்த) வீடென்றால் இன்னும் கவனம். வேறு வீட்டுக்குச் சுவீகாரம் போனவருக்கு, போன பிறகு, தான் பிறந்த வீட்டில் புதிதாகப் பங்கு வராது, போன வீட்டில்தான் பங்கு. அந்தச் சுவீகாரப் பத்திரத்தைக் கண்ணால் பாருங்கள். ஐயா பெயரைப் பேரனுக்கு வைக்கும் வழக்கம் வேறு இருப்பதால் வில்லங்கச் சான்றில் ஒரே பெயர் தலைமுறை விட்டுத் தலைமுறை வரும். எந்த ஆளைச் சொல்கிறார்கள் என்பதை முன்னெழுத்துகளை வைத்துத்தான் பிரிக்க வேண்டும். அதனால் வீட்டுக்காரர்களிடம் வம்சாவளி ஒன்று எழுதி வாங்கி, ஒவ்வொரு பெயருக்கும் எதிரே இருக்கிறாரா இல்லையா, வாரிசுச் சான்று உண்டா என்று குறித்துக்கொண்டே வாருங்கள். இரங்கூனில் காலமான பெரியவருக்கு இறப்புச் சான்று எங்கே போய் வாங்குவது என்ற கேள்வி வரும். அந்த இடத்தில் வக்கீல் இல்லாமல் ஓர் அடி நகராதீர்கள். இணையத்தில் வில்லங்கம் பெரும்பாலும் 1975-லிருந்துதான் வரும். வீடோ அதற்கும் வெகுகாலம் முந்தியது. பழைய புத்தகத்தில் கையால் தேடித் தரச்சொல்லிச் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுப் போடலாம்.

அப்புறம், "ஒரே ஒரு பங்கு, மலிவாக வருகிறது" என்று யாராவது சொன்னால் காபியைக் குடித்துவிட்டுக் கிளம்பிவிடுங்கள். பிரிக்கப்படாத குடும்ப வீட்டில் வெளியார் ஒரு பங்கை வாங்கினால், மற்றவர்களோடு சேர்ந்து குடியிருக்கும் உரிமை அவருக்குக் கிடையாது. 1882-ஆம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டம், 44-ஆம் பிரிவு. பாகம் கேட்டு வழக்குப் போட்டாலோ, அந்தப் பங்கை நீதிமன்றம் வைக்கிற விலைக்குக் குடும்பத்தாரே எடுத்துக்கொள்ள 1893-ஆம் ஆண்டுப் பாகப்பிரிவினைச் சட்டம் வழி விடுகிறது. பணத்தைப் போட்டுவிட்டு வெளித் திண்ணையில்கூட உட்கார முடியாது.

வெளிநாட்டுப் பங்காளிகள் தங்களுக்குப் பதிலாக இன்னொருவர் கையெழுத்துப் போட அதிகாரப் பத்திரம் (பவர்) அனுப்புவார்கள். அது இந்தியாவுக்கு வந்து மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்டியாக வேண்டும். எழுதிக்கொடுத்தவர் காலமானால் அதிகாரமும் அதோடு போயிற்று. எண்பது வயதுப் பெரியப்பா கொடுத்த பத்திரத்தை நம்பி ஒரு வருடம் இழுத்தடிக்காதீர்கள். இன்னொன்று, விற்பவர் வெளிநாட்டில் குடியிருப்பவர் என்றால் வருமான வரியைப் பிடித்துக் கட்டும் பொறுப்பு வாங்குபவர் தலையில்தான். உள்ளூர்க்காரரிடம் 50 லட்சத்துக்கோ அதற்கு மேலோ வாங்கினால் ஒரு சதவீதம் பிடிக்கிறோமே, அந்தக் கணக்கு இங்கே செல்லாது. வரம்பே இல்லை, விகிதமும் அதிகம். ஆடிட்டரைக் கேட்டுவிட்டுப் பணம் கொடுங்கள். பதிவுச் செலவு முத்திரைத் தீர்வை ஏழு, கட்டணம் இரண்டு, ஆக ஒன்பது சதவீதம்.

வீட்டை எப்போது பார்ப்பது? மாசி, பங்குனியில் பார்த்தால் எல்லா வீடும் அழகுதான். ஐப்பசி, கார்த்திகை மழையில் வாருங்கள். வளவு முற்றத்தில் விழும் தண்ணீர் எந்த வழியாக வெளியே போகிறது, எவ்வளவு நேரம் தேங்குகிறது என்று நின்று பாருங்கள். தேக்குத் தூண் கெட்டிதான். உத்தரம் சுவருக்குள் நுழைகிற இடம்தான் சந்தேகம். ஓடு உடைந்து ஒழுகினால் ஈரம் அங்கேதான் தங்கும், கரையானும் அங்கேதான் ஏறும். சுண்ணாம்புச் சுவரில் சிமென்ட் ஒட்டுப் போட்டிருந்தால் விலையைக் குறைத்துப் பேசுங்கள். சிமென்ட் ஈரத்தை வெளியே விடாது, சுற்றிலும் பழைய பூச்சு பொரிந்து விழும். முட்டை வெள்ளைக்கருவும் கடுக்காயும் சேர்த்து இழைத்த அந்தப் பூச்சைத் திரும்பப் போடத் தெரிந்த கொத்தனார்கள் இன்று கொஞ்சம் பேர்தான், கூலியும் அதற்கேற்ப இருக்கும்.

முன்பணம் கொடுத்த நாளிலிருந்து பதிவு நாள் வரை வீட்டுக்குக் காவல் போடுங்கள். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் போய்ப் பாருங்கள், எந்தெந்த வீட்டு நிலையும் கதவும் சாய்த்து வைத்திருக்கிறதோ! ஒப்பந்தத்திலேயே தூண் இத்தனை, கதவு இத்தனை, பெல்ஜியம் கண்ணாடி, விளக்கு என்று எழுதி, படமும் எடுத்து இணைத்துவிடுங்கள். பூட்டிய அறைகளையும் விடாதீர்கள். ஒவ்வோர் அறைச் சாவியும் ஒவ்வொரு புள்ளியிடம் இருக்கும், உள்ளே பித்தளை அண்டாவும் பீங்கானும் கிடக்கும். எந்தத் தேதிக்குள் காலி செய்வார்கள் என்பதும் எழுத்தில் வரட்டும்.

வருடத்துக்கு ஒருமுறை படைப்புக்கு (முன்னோருக்குப் படைத்துக் கும்பிடுவதற்கு) மட்டும் உள்ளே விடுங்கள் என்று சில குடும்பங்கள் கேட்கும். சம்மதமென்றால் எந்த அறை, எத்தனை நாள் என்று எழுதிக்கொள்ளுங்கள், இல்லையென்றால் முதலிலேயே இல்லை என்று சொல்லிவிடுங்கள். எங்கள் வீட்டில் இந்த ஒரு விஷயத்தில்தான் பதினான்கு பேரும் ஒரே பேச்சு. அதனால் அதை இப்போதைக்கு விற்பதாக இல்லை.