உடுவிலுக்கு மகளை அனுப்பியவர்கள்

யாழ்ப்பாணத்து உடுவில் மகளிர் கல்லூரிக்கு 2024இல் 200 ஆண்டு நிறைந்தபோது எல்லோரும் ஹரியட் வின்ஸ்லோ அம்மையாரைப் பற்றிப் பேசினோம். பேசத்தான் வேண்டும். 1824இல் அமெரிக்க மிஷன் தொடங்கிய அந்த விடுதிப் பாடசாலையை முதலில் நடத்தியவர் அவர். ஆனால் எனக்கு அங்கே முதன்முதலில் மகளை அனுப்பிய பெற்றோர்மேல்தான் மரியாதை அதிகம்.

பெண்பிள்ளைக்கு எழுத்து எதற்கு என்று ஊர் கேட்ட காலம். மிஷன் வீட்டில் தங்கிச் சாப்பிட்டால் சாதி என்னாகும், பிறகு யார் கட்டுவான் என்ற பயம் வேறு. படிப்பு முடியும்வரை மகளை இடையில் கூட்டிக்கொண்டு போகமாட்டோம் என்று வாக்குக் கொடுக்க வேண்டும். படித்து முடித்த பிள்ளைக்கு மிஷனே சீதனம் கொடுத்தது. அதற்காகத்தான் அனுப்பினார்கள் என்று சிலர் சொல்வதுண்டு. சரி, இருக்கட்டும். அந்தப் பிள்ளைகள் தாயானதும் தங்கள் மகள்களையும் அங்கேதானே கொண்டுவந்து விட்டார்கள்! பின்னாளில் அதிபராக இருந்த எலைசா அக்னியூ அம்மையார் ஏறத்தாழ 40 ஆண்டு அங்கே இருந்து, தன் முதல் மாணவிகளின் பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும்கூடப் படிப்பித்தார்.

1960களின் தொடக்கத்தில் அரசின் உதவி பெறும் பாடசாலைகளை அரசே பொறுப்பேற்றபோதும் உடுவில் தனியார் பாடசாலையாகவே நின்றது. பிள்ளைகளைத் தொடர்ந்து அனுப்பிய குடும்பங்கள் இல்லாமல் அது நடந்திருக்காது.

உங்கள் வீட்டில் உடுவிலில் படித்த அம்மம்மாவோ அப்பம்மாவோ இருந்தால், அவரை அங்கே அனுப்பத் துணிந்தது யார் என்று கேட்டு எழுதிவையுங்கள். கல்லூரியின் வரலாற்றில் அந்தப் பெயர்களும் வர வேண்டும்.